முன்சில்லு ஹப் கழற்றுவதும் பின்சில்லு பிறேக் பார்ப்பதும்: சின்ன மெசின் வைத்திருப்போருக்கு

பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தத் தொடங்கிவிட்டால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் சின்ன மெசினுக்கு, அதாவது நாலு சில்லுள்ள சின்ன உழவு இயந்திரத்துக்கு, ஓய்வு கிடையாது. பகலில் அக்சில் முட்டச் சேற்றுக்குள் நின்று உழும். பின்னேரம் இழுவைப் பெட்டியைக் கொளுவிக்கொண்டு தார் றோட்டில் ஓடும். சில்லின் நடுக்குடமான ஹப்பும் பிறேக்கும் இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் அகப்பட்டவை. சேற்றுத் தண்ணீரை வெளியே நிறுத்தி, கிறீஸையும் ஒயிலையும் உள்ளே வைத்திருப்பது ஒரு விரல் அகலமுள்ள ரப்பர் சீல்தான். பிறேக் பிடிக்கவில்லை என்று லைனிங்கை (உரசி நிறுத்தும் பட்டையை) மட்டும் மாற்றுபவர் அடுத்த போகத்துக்குள் திரும்பவும் மாற்ற வேண்டிவரும். லைனிங்கைக் கெடுத்தது ஒழுகிய சீல், அது அப்படியே இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்கச் சீலைச் சுற்றியே வரும்.

வேலைக்கு நல்ல காலம், சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போக உழவு தொடங்குவதற்கு முந்திய இடைவெளி. வாரக்கணக்கில் மெசின் நின்றாலும் நட்டமில்லை, சாமான் வர இரண்டு நாள் பிந்தினாலும் அவசரமில்லை. கச்சான் காற்று அடிக்கும் நாளாக இருந்தால் திறந்த வளவில் பேரிங்கைக் கழற்ற வேண்டாம். கிறீஸ் பூசிய பேரிங்கில் ஒட்டும் மணல் அதை உள்ளிருந்து அரைத்துவிடும். சுவர் மறைப்பு உள்ள கொட்டில் தேடுங்கள், குறைந்தது கழற்றிய சாமான்களை மூடிவைக்க ஒரு வாளியாவது வேண்டும்.

முதலில் வாங்கி வைக்க வேண்டியவை

முன்சில்லு இரண்டுக்கும்: சீல் 2, ஸ்பிளிட் பின் 2, மூடி நெளிந்திருந்தால் புதிய மூடி, லிதியம் கிறீஸ் அரைக் கிலோ (ஈ.பி. 2 என்று டப்பாவில் எழுதியிருக்கும் வகை), கழுவ மண்ணெண்ணெய் 2 லீற்றர். பின் பிறேக்குக்கு: சூ (லைனிங் பதித்த வளைந்த தகடு) 4, திரும்பும் ஸ்பிரிங் ஒரு செற், அக்சில் சீல் 2. ஒரு பக்கத்துக்கு மட்டும் சூ வாங்குவது வேண்டாம். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் மெசின் றோட்டில் ஒரு பக்கம் இழுக்கும்.

பேரிங்கை முன்கூட்டி வாங்கத் தேவையில்லை. கழற்றிப் பார்த்து, ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 30205 போன்ற எண்ணாக இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை வரும்: 05 என்றால் 25 மி.மீ, 06 என்றால் 30 மி.மீ. கடைக்காரர் தவறானதை எடுத்துத் தந்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

மெசினை உயர்த்துவது

இதில் அவசரப்பட்டவர்கள் கை கால் இழந்திருக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கியரில் போட்டு நிறுத்தினால் மெசின் உருளாது என்று பலர் நம்புகிறார்கள். ஒரு பின்சில்லு நிலத்தை விட்டு எழும்பிய கணமே அந்த நம்பிக்கை பொய்யாகிவிடும். டிபரென்சியல் (இரண்டு பின்சில்லுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்லுத் தொகுதி) காரணமாக, தொங்கும் சில்லு ஒரு பக்கம் சுழல, நிலத்தில் நிற்கும் சில்லு மறுபக்கம் தாராளமாக உருளும். ஜக் சரியும். எனவே நிலத்தில் நிற்கும் மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை அடைத்த பிறகுதான் ஜக்கைத் தொட வேண்டும். கலப்பையோ றொட்டவேற்றரோ பூட்டியிருந்தால் நிலத்தில் இறக்கிவிடுங்கள். திறப்பைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுங்கள்.

வாவிக்குக் கிழக்கே, கடலோர எழுவான்கரைப் பக்கம் நிலம் மணல். ஜக்கின் அடிக்கு இரண்டங்குலப் பலகையோ இரும்புத் தட்டோ இல்லாவிட்டால் அது மெல்ல மெல்லப் புதைந்து சாயும். உயர்த்திய பின் பாரத்தைத் தாங்க ரயில் பாதைச் சிலிப்பர் கட்டையைக் குறுக்கு மறுக்காக அடுக்குங்கள், அல்லது இரும்பு ஸ்டான்ட் வையுங்கள். சீமெந்துக் கல்லை ஒருபோதும் வைக்கக்கூடாது. பார்க்க உறுதியாக இருக்கும், ஒரு முனையில் பாரம் விழுந்தால் எந்த அறிகுறியும் காட்டாமல் நொறுங்கும்.

பின்பக்கத்தை உயர்த்தும்போது மறந்துபோகும் இன்னொன்று: முன் அக்சில் நடுவில் ஒரு பின்னில் ஊஞ்சல் போல ஆடும்படி அமைந்தது. பின்னால் இரண்டு சில்லும் எழும்பினால் மெசினின் உடல் அந்த ஒற்றைப் பின்னில்தான் நிற்கும், எந்தப் பக்கமும் கவிழலாம். முன் அக்சிலுக்கும் சேசிக்கும் இடையில் இரண்டு பக்கமும் மர ஆப்பு இறுக்கி அடித்துவிடுங்கள். இரண்டு துண்டு வேம்பு போதும், ஐந்து நிமிட வேலை.

முன்சில்லு ஹப்

இது இரண்டு சில்லு இழுக்கும் மெசினுக்கு. நாலு சில்லும் இழுக்கும் மெசினில் முன் ஹப்புக்குள் பல்லுச் சக்கரமும் ஒயிலும் இருக்கின்றன. அதைப் புதியவர் பிரிக்க வேண்டாம். அடியிலுள்ள வடிநட்டைத் திறந்து ஒயிலைப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, சீல் மாற்றத் தெரிந்த கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும்.

சில்லு நிலத்தில் நிற்கும்போதே ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று இளக்குங்கள். பிறகு அக்சிலின் அந்தப் பக்க நுனிக்கு அருகே ஜக் வைத்து உயர்த்துங்கள். கழற்றுவதற்கு முன் சில்லின் மேலையும் கீழையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது பேரிங் அல்லது கிங் பின் (முன்சில்லு இடம் வலம் திரும்பும் முளை). இடதும் வலதும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் அது ஸ்டியரிங் மூட்டு, ஹப்பைக் கழற்றி அதைத் திருத்த முடியாது. சில்லைச் சுற்றி விட்டு, ஸ்பின்டிலில் (ஹப் ஏறி நிற்கும் அக்சில் நுனித் தண்டில்) கை வைத்துப் பாருங்கள். கரகரப்பு கையில் தெரியும்.

சில்லை எடுத்த பின் நடுவிலுள்ள மூடியை, தட்டை உளியால் சுற்றிவரச் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டிக் கழற்றுங்கள். உள்ளே காடி வெட்டிய நட், அதில் ஸ்பிளிட் பின். பின்னை நிமிர்த்தி உருவி எறிந்துவிடுங்கள், பழைய பின் திரும்பப் போடுவதற்கில்லை. நட்டையும் நாக்கு வைத்த வாசரையும் எடுத்து ஹப்பை ஓரங்குலம் முன்னுக்கு இழுத்தால் வெளிப் பேரிங் வழுக்கி வரும். கீழே ஒரு கையை வைத்துக்கொள்ளுங்கள், மண்ணில் விழ விடாதீர்கள். பிறகு ஹப் முழுவதும் வரும். உள் பேரிங்கும் சீலும் அதனோடு வரும், சில வேளை உள்வளையம் ஸ்பின்டிலிலேயே ஒட்டி நிற்கும்.

பேரிங்கை மண்ணெண்ணெயில் பழைய பல்தூரிகை போட்டுக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்துக் காய விடுங்கள். கொம்பிரசர் காற்றை அடித்துப் பேரிங்கைச் சுழற்றிப் பார்ப்பது சிலருக்கு விளையாட்டு. கிறீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுழலும் பேரிங் உரசிக் கெடும், உருளை தெறித்து முகத்திலும் பாயலாம்.

இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உருளைகள் நீலம் அல்லது வைக்கோல் நிறமாக மாறியிருந்தால் அது சூடேறியது: நட்டை அதிகம் இறுக்கியிருக்கிறார்கள் அல்லது கிறீஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. கறுப்புப் புள்ளியும் குழியும் இருந்தால் தண்ணீர் புகுந்து மெசின் நின்ற காலத்தில் கறள் பிடித்தது. இங்குள்ள மெசின்களில் இரண்டாவதுதான் அதிகம். வாவியோரக் காணியில் உப்புத் தண்ணீர் புகுந்திருந்தால் இன்னும் வேகமாக நடக்கும். நகம் மாட்டும் அளவு குழி இருந்தாலே மாற்ற வேண்டும். உருளையோடு உள்ள உள்வளையத்தையும் ஹப்புக்குள் இறுகியிருக்கும் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய உருளை பழைய வளையத்தில் ஓடினால் மாதக்கணக்கில்கூட நிற்காது.

வெளிவளையத்தைக் கழற்ற ஹப்பின் உட்பக்கத்தில் எதிரெதிராக இரண்டு வெட்டு இருக்கும். அதில் பித்தளைத் தண்டு வைத்து மாறிமாறித் தட்டினால் நேராக வெளியே வரும். ஒரே பக்கம் தட்டினால் சரிந்து இறுகி ஹப்பைக் கீறும். புதியதை ஏற்றப் பழைய வளையத்தையே கருவியாக வைத்துக்கொள்ளலாம்: கிறைண்டரால் அதில் ஒரு வெட்டுப் போட்டுவிடுங்கள், அப்போது அது ஹப்புக்குள் சிக்காது. வளையம் அடியில் போய் உட்காரும்போது தட்டும் சத்தம் மாறும், மொத்தைச் சத்தம் போய் இறுகிய சத்தம் வரும். அந்த மாற்றம் கேட்காமல் நிறுத்தினால் பிறகு இரண்டே நாளில் ஹப் ஆடத் தொடங்கும்.

சீலுக்கு வருவோம். சீலின் உதடு ஓடும் ஸ்பின்டில் பகுதியை நகத்தால் தடவிப் பாருங்கள். கறள் என்றால் நுண்ணிய எமரித்தாளால் சுற்றுவாக்கில் துடைக்கலாம், நீளவாக்கில் வேண்டாம், அந்தக் கீறல் வழியே தண்ணீர் ஏறும். பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலும் ஒழுகும். லேத் வேலைக்காரரிடம் மெல்லிய சிலீவ் போடக் கொடுக்க வேண்டும். சீலைப் போடும்போது ஸ்பிரிங் தெரியும் உதடு ஹப்பின் உட்பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் கிறீஸ் தடவுங்கள். சமதட்டையான மரக்கட்டை வைத்துச் சுற்றிவரத் தட்டி மட்டமாக இறக்குங்கள். கடையில் இரண்டு உதடு உள்ள சீல் கிடைத்தால் சேற்று மெசினுக்கு அதையே எடுங்கள். வெளி உதடு மண்ணைத் தடுக்கும். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பேரிங் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

கிறீஸ் பூசுவது உள்ளங்கை வேலை. உள்ளங்கையில் ஒரு தேசிக்காய் அளவு கிறீஸ் வைத்து, பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். மறு ஓரத்தில் உருளைகளுக்கு இடையால் கிறீஸ் புழுப்போல் வெளியே வரும்வரை சுற்றிவரச் செய்யுங்கள். ஹப்பின் உட்குழியில் பாதிவரை நிரப்பினால் போதும். முட்ட நிரப்பினால் சூட்டில் விரிந்து சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பழைய கிறீஸ் எந்த வகை என்று தெரியாதபோது முழுவதையும் கழுவி எடுத்துவிட்டுப் புதிதைப் போடுங்கள். வகை மாறிக் கலந்தால் தண்ணியாகி வழியும்.

இனி நட்டை இறுக்குவது. ஹப்பைக் கையால் சுழற்றிக்கொண்டே, சுழற்சி கனக்கும்வரை ஸ்பனரால் இறுக்குங்கள். உருளைகள் இடத்தில் உட்காரும். பிறகு நட்டை முழுவதும் இளக்கி, இம்முறை விரலால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பிளிட் பின் போடும் துளைக்கு நேரே காடி வராவிட்டால் இளகும் பக்கமாகக் கிட்டிய காடிக்குத் திருப்புங்கள், இறுக்கும் பக்கமாகத் திருப்ப வேண்டாம். ஹப் தாராளமாகச் சுழல வேண்டும், ஆட்டினால் உணரமுடியாத அளவு, அதாவது 0.05 முதல் 0.1 மி.மீ வரை அசைவு இருக்க வேண்டும். புதிய ஸ்பிளிட் பின் போட்டு இரண்டு காலையும் மடியுங்கள். ஒரு மணித்தியாலம் ஓடிய பின் ஹப்பில் கை வையுங்கள். இளஞ்சூடு சரி. கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் நட் இறுக்கம்.

பின் பிறேக்: உங்கள் மெசினில் எந்த வகை?

பின் அக்சிலின் பக்கத்தைப் பாருங்கள். சில்லுக்குப் பின்னால் பெரிய வட்ட டிறம் (சூ உள்ளிருந்து விரிந்து உரசும் இரும்புக் கிண்ணம்) தெரிந்தால் சூ வகை. பழைய ஜப்பான் சின்ன மெசின்கள் பலவற்றில் டிறம் சில்லோடு இருக்காது, அக்சில் வீட்டின் பக்கத்தில் ஒரு மூடிக்குள் சிறிதாக இருக்கும். சில்லைக் கழற்றுவது கை போவதற்காக மட்டும். பிறேக் தகடு கியர் ஒயிலுக்குள்ளேயே ஓடும் மூன்றாம் வகையும் உண்டு. அதற்குச் சேறு பிரச்சினையில்லை, தேய்வும் குறைவு. ஆனால் கையேட்டில் சொன்ன ஒயிலைத்தான் ஊற்ற வேண்டும். வெறும் 90 கியர் ஒயிலை ஊற்றினால் பிறேக் வழுக்கும் அல்லது அலறும். கீழே வருவது சூ வகைக்கு.

சில்லும் டிறமும் கழற்றல்

பின்சில்லுக்குள் பாரத்துக்காகத் தண்ணீர் அடைத்திருக்கிறார்களா என்று முதலில் கேட்டறியுங்கள். 11.2-24 ரயருக்குள்ளேயே நூறு லீற்றருக்கு மேல் நிற்கும். அது ஆள்மேல் சாய்ந்தால் தள்ள முடியாது. இரண்டு பேர் வேண்டும். சில்லு நிலத்தை விட்டு ஒரு விரல் மட்டும் எழும்ப உயர்த்தி, அடியில் கிறீஸ் பூசிய பலகையைச் சொருகினால் தூக்காமலே இழுத்தெடுக்கலாம்.

டிறம் பெரும்பாலும் இரண்டு பள்ளத்தலை ஸ்குரூவில் நிற்கும். முதல்நாள் இரவே கறள் நீக்கி அடித்து ஊற விடுங்கள். ஸ்குரூ டிறைவரைத் தலையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிய பிறகு திருப்பினால் இளகும். டிறமை இழுக்கும் முன் பிறேக் கம்பியின் நட்டை முழுக்க இளக்கி, பார்க்கிங் பிறேக்கையும் விடுவித்துவிடுங்கள். தேய்ந்த டிறமின் உள்விளிம்பில் ஒரு வரம்பு விழுந்திருக்கும், விரிந்து நிற்கும் சூ அதில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு இழுத்தாலும் வராது. டிறம் முகத்தில் மரைவெட்டிய துளை இரண்டு இருந்தால் அவை இதற்காகவே. பொருத்தமான போல்ட் இரண்டைப் போட்டுக் கால் சுற்றுக் கால் சுற்றாக மாறிமாறி இறுக்குங்கள். துளை இல்லாவிட்டால் மரச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டுங்கள். டிறம் வார்ப்பிரும்பு, விளிம்பில் இரும்புச் சுத்தியல் விழுந்தால் வெடிக்கும். காஸ் விளக்கால் சூடாக்கினால் பின்னால் இருக்கும் சீல் கருகும்.

ஹப் அக்சிலின் காடிப்பல்லில் ஏறி நடு நட்டால் இறுகியிருக்கும் மெசினில் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். நட்டை முழுவதும் கழற்றாமல் மரை நுனிக்கு மட்டமாக விட்டுவைத்து இழுங்கள். ஹப் திடீரென விடுபட்டாலும் நட் பிடித்துக்கொள்ளும், மரையும் சிதையாது. அக்சில் நுனியில் பெரிய சுத்தியலால் அடிப்பவர் உள்ளே இருக்கும் பேரிங்கை அடிக்கிறார்.

உள்ளே பார்ப்பது

டிறமுக்குள் இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருந்தது, அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிடும். சவர்க்காரத் தண்ணீரால் நனைத்துத் துணியால் துடைத்தெடுங்கள். டிறமையும் சூவையும் மண்ணெண்ணெயாலோ டீசலாலோ கழுவவும் கூடாது, எண்ணெய்ப் படலம் தங்கிப் பிறேக் வழுக்கும்.

ஸ்பிரிங்கைத் தொடும் முன் கைத்தொலைபேசியில் இரண்டு படம் எடுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள், மாட்டும்போது பார்த்துச் செய்ய மாதிரி ஒன்று நிற்கும்.

லைனிங் றிவெற் அடித்ததாக இருந்தால் றிவெற் தலைக்கு மேல் 1 மி.மீ கூட இல்லாதபோது மாற்ற வேண்டும், ஒட்டியதாக இருந்தால் 2 மி.மீ தடிப்பில் மாற்ற வேண்டும். ஒயில் ஊறிய லைனிங்கை நெருப்பில் காட்டி எரித்துத் திரும்பப் போடுவது வீண் வேலை. மேலே காய்ந்ததாகத் தெரியும், நாலு தரம் அழுத்திச் சூடேறினால் உள்ளே ஊறியது மேலே கசியும்.

நனைத்தது எது என்பதைக் கண்டுபிடியுங்கள். மெல்லியதாய், கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஒயில், அக்சில் சீல் போய்விட்டது. மண்ணிறக் குழம்பு என்றால் வெளித் தண்ணீர், சூவைத் தாங்கும் பின்தட்டோ அதன் ரப்பரோ உடைந்திருக்கிறது. சீல் போயிருந்தால் மாற்றும் முன் பின் அக்சில் வீட்டின் மேலுள்ள மூச்சுத்துளையைப் பாருங்கள். உழவுக் காலத்தில் அது சேற்றால் அடைபடும். உள்ளே சூடேறும் காற்றுக்கு வெளியேற வழியில்லாமல் ஒயிலைச் சீல் வழியே தள்ளும். துளை அடைபட்டிருக்க, எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும். கியர் ஒயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே கதைதான். அக்சிலை உருவி, இறுக்கி அடித்த வளையத்தை வெட்டித்தான் சீல் போட வேண்டிய மெசின்களும் உண்டு. அது கராஜ் வேலை. உருவும்போது இடையில் வரும், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய சிம் தகடுகளை எண்ணி, பக்கம் மாறாமல் கட்டிவையுங்கள்.

அடுத்தது கேம். பெடலை அழுத்தும்போது சூவை விரிக்கும் அந்தத் தண்டு கறள் பிடித்து இறுகுவதுதான் இங்கே நடக்கும் பாதிக் கோளாறுக்குக் காரணம் என்று துணிந்து சொல்லலாம். கால் எடுத்தாலும் பெடல் முழுக்க மேலே வராது, சூ உரசிக்கொண்டே ஓடும், டிறம் சூடாகி லைனிங் எரிந்த வாடை வரும். கேமைக் கழற்றி, கறளை எமரித்தாளால் துடைத்து, சூடு தாங்கும் கிறீஸை விரல் நுனியில் எடுத்து மெல்லிய படலமாகப் பூசுங்கள். பின்தட்டில் சூ உரசும் மேடைகளுக்கும் ஒரு பொட்டு. லைனிங்கில் கை படக்கூடாது. ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும், இடைவெளி தெரிந்தால் அது இழுபட்டுப் போனது.

டிறமின் உள்முகத்தில் ஆழமான கீறல் இருந்தால் லேத்தில் பிடிக்கலாம். டிறமில் வார்த்திருக்கும் அல்லது கையேட்டில் உள்ள அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக்கூடாது. இரண்டு டிறமையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும்.

பூட்டிச் சரிசெய்தல்

ரிமும் ஹப்பும் தொடும் முகத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தமாக்குங்கள். இடையில் பெயின்ற், கிறீஸ், மண் எது இருந்தாலும் நட் பிறகு இளகும். எதிரெதிர் நட்டாக மாறிமாறி இறுக்குங்கள். மெசினின் கையேட்டில் உள்ள அளவே முதன்மை. கையேடு இல்லாவிட்டால், 8.8 என்று தலையில் பொறித்த 16 மி.மீ போல்டுக்கு ஏறத்தாழ 210 நியூட்டன் மீற்றர், 14 மி.மீக்கு 135. அளவு காட்டும் ஸ்பனர் இல்லாதவர், ஒரு மீற்றர் குழாயின் நுனியில் 21 கிலோ பாரம் தொங்குவது போன்ற இறுக்கம் என்று கணக்கெடுக்கலாம். 14 மி.மீக்கு பதின்மூன்றரைக் கிலோ.

பின்சில்லு இரண்டும் தொங்க, கியர் நியூட்றலில் இருக்க, பிறேக் கம்பியின் நட்டை சூ உரசும்வரை இறுக்கி, உரசல் நிற்கும்வரை இளக்குங்கள். பெடலில் வெற்று அசைவு சின்ன மெசின்கள் பலவற்றில் 20 முதல் 40 மி.மீ வரை. இடதும் வலதும் ஒரே அளவாக இருப்பது அந்த எண்ணைவிட முக்கியம். லைனிங் தேயத் தேயக் கம்பியையே இறுக்கிக்கொண்டு போகும் பழக்கம் ஆபத்தானது. கேம் ஒரு எல்லையைத் தாண்டித் திரும்பினால் சூவை விரித்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், சில்லு ஓடும்போதே இறுகும்.

இரண்டு பெடலையும் கொளுவியால் சேர்த்து, ஆளில்லாத காய்ந்த கிறவல் பாதையில் நடை வேகத்தில் அழுத்துங்கள். இரண்டு ரயரின் இழுபட்ட தடமும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் இழுக்கும் பக்கத்தைச் சிறிது இளக்குங்கள். புதிய லைனிங் டிறமோடு பொருந்த, இடைவெளி விட்டுப் பத்துத் தரம் மெல்லப் பிடித்து விடுங்கள். அதன் பிறகே நெல்லு மூட்டைப் பெட்டியைக் கொளுவ வேண்டும். பெட்டிக்குத் தனிப் பிறேக் இல்லாதபோது அதன் பாரம் முழுவதையும் நிறுத்துவது நீங்கள் இப்போது பூட்டிய நாலு சூதான். செங்கலடியிலிருந்து பதுளைப் பக்கம் போகும் றோட்டிலோ, கல்முனைப் பக்கம் சனநெருக்கமுள்ள றோட்டிலோ ஏறும்போது கொளுவி கட்டாயம் பூட்டியிருக்க வேண்டும். ஒற்றைப் பெடலை அழுத்தினால் மெசின் அந்தப் பக்கம் திரும்பிப் பெட்டியோடு மடியும்.

முதல் ஒரு மணித்தியாலத்துக்குப் பின்னும் மறுநாள் காலையும் சில்லு நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பாருங்கள். வயலை விட்டு ஏறியதும் நல்ல தண்ணீரால் பின்தட்டைக் கழுவிவிட்டு, முதல் நூறு மீற்றருக்குப் பெடலில் காலை இலேசாக அழுத்தியபடி மெல்ல ஓட்டுங்கள். அந்த உரசல் சூட்டில் டிறமுக்குள் இருக்கும் தண்ணீர் காய்ந்த பிறகு றோட்டில் ஏறலாம்.